இரண்டே சொல்லில் ஒரு தந்தி

கல்யாணமாகி நாற்பதாம் நாள் என் கணவர் ரங்கூனுக்குக் கப்பலேறினார். அங்கே ஓர் அரிசிக் கம்பெனியில் குமாஸ்தா. நான் சாந்தோமில் மாமனார் மாமியாரோடு இருந்தேன். இரண்டு வருஷம் ஓடிவிட்டது. வாரம் தவறாமல் கடிதம் வரும். உடம்பு சௌக்கியம், மழை, ஞாயிற்றுக்கிழமைப் பூசை, எல்லாம் அதில் இருக்கும். அவர் வருவதா, நான் போவதா என்பது மட்டும் இருக்காது.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் தந்தி வந்தது. தந்தி என்றாலே சாவுதான் என்று அத்தை சிலுவை போட்டுக்கொண்டார். பிரித்தேன். 'லீவ் மண்டே.' அவ்வளவுதான்.

துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மாமா வாங்கிப் பார்த்தார். "லீவு கிடைச்சிருக்கு. திங்கக்கிழமைலேர்ந்து லீவு. பையன் வரான்!" அத்தை அப்போதே பலகாரத்துக்கு அரிசி ஊறப்போட எழுந்தார்.

எனக்கு அப்படிப் படவில்லை. கான்வென்டில் ஏழாவது வரை படித்தவள் நான். வாக்கியத்தைப் பிரித்து, ஒவ்வொரு சொல்லின் கீழும் பெயரா வினையா என்று எழுதச் சொல்வார்கள். விடுமுறையும் லீவ்தான், புறப்படுவதும் லீவ்தான். எழுவாய் இல்லாமல் வினை முன்னால் நின்றால் அது கட்டளை என்றும் படித்திருந்தேன். அப்படியென்றால், 'திங்கட்கிழமை புறப்படு.' தந்தியும் என் பெயருக்கே வந்திருந்தது.

"மாமா, என்னைக் கிளம்பி வரச் சொல்றாரோ?"

"லீவுன்னா லீவுதாம்மா. எத்தனை லீவு லெட்டர் எழுதின கை இது!"

வெள்ளிக்கிழமை கட்டிலுக்கு அடியிலிருந்து டிரங்குப் பெட்டியை இழுத்தேன். நாலு புடவை வைத்தேன். இரண்டை எடுத்தேன். மறுபடி வைத்தேன். வீட்டில் சாதாரணமாகப் புழங்கும் இங்கிலீஷ் எல்லாம் அன்று என்னைப் படுத்தியது. வாட்ச் என்றால் மாமாவின் கடிகாரமா, இல்லை கவனி என்பதா? செருப்பு மையின் டப்பாவில் எழுதியிருந்த பாலிஷ், பூசும் பொருளா, பூசு என்ற உத்தரவா? தமிழில் இந்தத் தொல்லை இல்லை. புறப்படுகிறேன் என்றால் நான், புறப்படு என்றால் நீ. தந்தியில் வந்த சொல்லோ யாரையும் காட்டவில்லை.

சனிக்கிழமை காலை, கோவிலில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வருகிறேன் என்று அத்தையிடம் பொய் சொல்லி, மயிலாப்பூர் தபாலாபீசுக்கு வேர்க்க விறுவிறுக்க நடந்தேன். தந்தியை அங்கிருந்த குமாஸ்தாவிடம் நீட்டினேன்.

"இன்னாம்மா, தெளிவாத்தானே கீது?"

"யார் புறப்படறதுன்னு இதுல இல்லையே."

காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எழுத்து மாறாம குடுக்கறதுதான் எங்க வேலை. அர்த்தத்தை அனுப்பினவரைத்தான் கேக்கணும்."

ஒரு தந்தி பாரம் வாங்கி, நின்றபடியே எழுதினேன்: 'ஹூ லீவ்ஸ்.'

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு வந்த சற்று நேரத்தில் பதில் வந்தது. 'காட் லீவ் செயிலிங் மண்டே.' லீவு கிடைத்தது, திங்கட்கிழமை கப்பலேறுகிறேன். நான் ரகசியமாகத் தந்தி கொடுத்தது அம்பலமானது. மாமாவுக்குக் கோபம் வரவில்லை. தான் சொன்னதே சரி என்று தொடையைத் தட்டிச் சிரித்தார். நான் உள்ளே போய், அத்தை பார்த்துக்கொண்டிருக்கவே, பெட்டியிலிருந்த புடவைகளை எடுத்துத் திரும்பவும் பீரோவில் அடுக்கினேன். வரப்போகிறவர் என் புருஷன். இரண்டு வருஷம் காத்திருந்தது இதற்குத்தான். இருந்தும் அழுகை வந்தது.

அவர் வந்தார். சாப்பிடும்போது அத்தை இந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்க, அவர் மட்டும் சிரிக்கவில்லை. சாயங்காலம் கடற்கரையில் கேட்டார்: "பெட்டியே கட்டிட்டியாமே?"

"ஆமா."

"உனக்குக் கப்பல்னாலே பயம், வரமாட்டேன்னு அம்மா எழுதியிருந்தாங்களே."

"என்னை யாரு கேட்டா?"

கட்டுமரத்தருகே பெண்கள் மீனைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர் என் பக்கம் திரும்பினார். "இப்ப கேக்கறேன்," என்றார்.

மாதக் கடைசியில் இரண்டு பேருக்கும் டிக்கெட் எடுத்தார். அத்தை முழங்கால் வலி என்று துறைமுகத்துக்கு வரவில்லை. மாமா ஊறுகாய் ஜாடியைத் தானே சுமந்து கப்பல் ஏணி வரை வந்தார். கப்பலில் முதல் இரண்டு நாளும் எனக்கு வாந்தி. மூன்றாம் நாள் பசித்தது.