கணக்குக்கு அடங்காத புழு

அறுபதுகளின் தொடக்கத்தில் திண்டுக்கல்லில் நாங்கள் குடியிருந்த வீட்டின் பின்சுவரில் என் கணவர் அடுப்புக்கரியால் போட்ட கட்டங்கள் இன்னும் என் கண்ணில் நிற்கின்றன. அவர் கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்தார். ஒவ்வொரு கட்டமும் ரெட்டியார்சத்திரம் பக்கம் என் பிறந்த ஊரில் ஒரு கடலைக்காடு. கடலைச் செடியைத் தின்னும் கம்பளிப்புழு அங்கே எப்படிப் பெருகும் என்று முன்கூட்டியே கணக்கிட்டுச் சொல்ல வேண்டும், அதுதான் அவருக்குப் பைத்தியம். காட்டுக்குக் காடு தனிக்கணக்குப் போட்டால் ஆயுசுக்கும் முடியாது. ஆகவே ஊரிலுள்ள புழுவையெல்லாம் எல்லாக் காட்டிலும் சமமாகத் தூவியதாக வைத்துக்கொண்டு ஒரே சமன்பாட்டில் அடக்கிவிட்டார்.

“பக்கத்துக் காட்டுப் புழு நடந்து வராதாங்க?” என்று கேட்டேன்.

“வரும். அதைச் சேத்தா கணக்கு முடியாது” என்றார்.

கணக்கு முடியாது என்பதற்காகப் புழு நடக்காமல் இருக்குமா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த வருடம் அப்பாவின் கடலை வீடு வந்ததும் தங்கைக்குக் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தார்கள். ஆடி மழை விழுந்ததும் ஊரார் வழக்கம்போல் அவரவர் காட்டைச் சுற்றிப் பள்ளம் வெட்டினார்கள். ஊர்ந்து வரும் புழு அதில் விழுந்துவிடும். என் கணவரோ, சராசரியைப் பார்த்தால் பயமில்லை, பள்ளம் வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டார். பெண் கொடுத்த வீட்டில் மாப்பிள்ளை பேச்சைத் தட்டும் வழக்கம் கிடையாது.

“வெட்டிருங்கப்பா” என்று கெஞ்சினேன்.

“மாப்ள வேணாங்கும்போது வெட்டுனா அவரை நம்பலைன்னு ஆயிரும் தாயி. சும்மா இரு” என்றார் அப்பா.

கிழக்கே தரிசில் குவிந்து கிடந்த புழு மொத்தமும் அப்பாவின் காட்டுக்குள் இறங்கியது. ஓர் இலை மிச்சமில்லை. கல்யாணத்தைத் தள்ளிப்போடச் சொன்னோம். பேசியிருந்த வீட்டார் வேறு பெண் பார்த்துக்கொண்டார்கள். ஊர் முழுவதற்கும் சேர்த்துப் பார்த்தால் என் கணவர் சொன்ன கணக்கு ஏறக்குறைய சரிதான். அதுதான் இன்றைக்கும் எனக்கு வயிற்றெரிச்சல்.

அதன்பின் ஒவ்வொரு கட்டத்தோடும் அண்டைக் கட்டங்களைச் சேர்த்துப் புதுக்கணக்குத் தொடங்கினார். இப்போது கணினி அதைக் கண்மூடித் திறப்பதற்குள் போட்டுவிடுகிறதாம். அவருக்கு வருடம் ஓடியும் முடிந்தபாடில்லை.

மறு ஆடி மழைக்கு ஊருக்குப் போயிருந்தோம். அப்பா அவருக்குச் செம்பில் தண்ணீர் கொடுத்துவிட்டு, “இந்த வருசம் பள்ளம் வெட்டலாமா மாப்ள?” என்று கேட்டார்.

“கணக்கு இன்னும் முடியல. செத்த பொறுங்க மாமா.”

தங்கை எழுந்து மண்வெட்டியை எடுத்தாள். நான் கூடையை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் காட்டுக்குப் போனேன்.