இருவருக்கும் மருந்து

எங்கள் வீட்டில் மருந்து என்றால் இரண்டு மூடிதான். எங்களில் ஒருவனுக்குச் சளி பிடித்தால் அம்மா பாட்டிலைக் குலுக்கி, அதன் தலையில் கவிழ்ந்திருக்கும் பிளாஸ்டிக் மூடியில் கோடு வரைக்கும் ஊற்றி, இருமுகிறவனுக்குக் கொடுப்பாள். அதே மூடியில் மறுபடியும் ஊற்றி இருமாதவனுக்கும் கொடுப்பாள். இரட்டைப் பிள்ளைகளில் ஒன்றுக்கு வந்த நோய் மற்றதற்கும் வந்தே தீரும், அதனால் வருவதற்கு முன்பே வாசலோடு திருப்பி அனுப்பிவிட வேண்டும் என்பது அவள் கட்சி. தெருவில் மற்றப் பெண்களும் அதைச் சரி என்றே சொன்னார்கள். அப்பா மட்டும், நல்லாயிருக்கிறவனுக்கு எதற்கு மருந்து என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார். அதற்குள் இரண்டாவது மூடியும் காலியாகியிருக்கும்.

மருந்து மட்டுமில்லை, எல்லாமே இரண்டுதான். ஒரே துணியில் இரண்டு சட்டை, ஒரே அளவில் இரண்டு செருப்பு. எங்களில் மூத்தவன் யார் என்ற வழக்கு மட்டும் தீராமலே கிடந்தது. என் இரட்டையான அவன்தான் முதலில் பிறந்தான். ஆனால் பின்னால் வந்தவன்தான் முதலில் கருவில் தங்கினவன், ஆகவே அவனே மூத்தவன் என்று சொல்கிறவர்களும் எங்கள் ஊரில் உண்டு. நான் பின்னால் வந்தவன், அதனால் எனக்கு அந்தக் கட்சி பிடித்திருந்தது. அவன் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் அண்ணனும் வேண்டாம் தம்பியும் வேண்டாம் என்று ஒருவரையொருவர் ‘லே’ என்றே கூப்பிட்டுக்கொண்டோம்.

கல்லிடைக்குறிச்சியில் எங்கள் வீடு. அப்பா நாலாம் வகுப்போடு நிறுத்தியவர். காலை ரயிலில் பேட்டைக்குப் போய் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்துவிட்டு இரவில் திரும்புவார். அம்மா பள்ளிக்கூடத்துப் பக்கமே போனதில்லை. கம்பெனியிலிருந்து மாவு வாங்கிவந்து வீட்டில் அப்பளம் இடுவாள். காய்கிற அப்பளத்துக்குக் காக்கா விரட்டுவதுதான் எங்கள் இருவர் வேலை. மொட்டை மாடியில் முதுகோடு முதுகு சாய்ந்து, அவன் கிழக்கையும் நான் மேற்கையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்து படிப்போம்.

ஐந்தாம் வகுப்பில் எங்கள் டீச்சர் ஒரு நாள் எங்கள் இரண்டு பேரையும் நிறுத்திவைத்து, கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது என்று சொன்னார். அங்கேயே தங்க வேண்டும், சாப்பாடும் படிப்பும் இலவசம், ஆறாம் வகுப்பில் சேர நுழைவுத் தேர்வு எழுத வேண்டும் என்றார். நாங்கள் கேட்டது ஒரே கேள்விதான்: அங்கே எப்படிப் படுப்போம்? ஆளுக்கு ஒரு கட்டில் என்றார் டீச்சர். வீட்டில் எங்கள் இருவருக்கும் ஒரே பாய். அன்று மாலையே கட்டில்களை எப்படிப் போடுவது என்று பேசி முடித்துவிட்டோம். சுவரோரக் கட்டில் யாருக்கு என்பதில்தான் சண்டை வந்தது. இருவருக்கும் இடம் கிடைக்குமா என்ற சந்தேகம் எங்களுக்கு வரவேயில்லை. எங்களுக்கு எதுவும் ஒற்றையாகக் கிடைத்ததே கிடையாது.

தேர்வுக்கு முந்தின நாள் படிக்க வேண்டாம், ஓய்வு எடுங்கள் என்று டீச்சர் சொல்லியிருந்தார். நாங்கள் ஆற்றில் ஓய்வு எடுத்தோம். அணையில் திறந்துவிட்டிருந்த தண்ணீர், பல் கிட்டிப்போகிற குளிர்ச்சி. எனக்குப் பசித்தது, நான் ஏறி வந்துவிட்டேன். அவன் படித்துறைக்கும் பாறைக்கும் நீந்திக்கொண்டே கிடந்தான். வீட்டுக்கு வந்ததும் அவனுக்குத் தும்மல் ஆரம்பித்தது. விளக்கேற்றும் நேரத்தில் உடம்பும் சுட்டது.

அம்மா மருந்துக் கடைக்கு ஓடினாள். கடைக்காரர், குடித்தால் பையன் நன்றாக உறங்குவான் என்று சொல்லி ஒரு பாட்டிலைக் கொடுத்தார். அம்மாவின் காதில் அது நல்ல செய்தியாகவே விழுந்தது. அன்று இரவு இரண்டு மூடி. மறுநாள் காலையில், எங்களுக்குத் திருநீறு பூசிவிட்டு, இட்லி கொடுத்துவிட்டு, மறுபடியும் இரண்டு மூடி. தேர்வு நாளில் எனக்கும் காய்ச்சல் வந்துவிடக் கூடாதே என்று என் மூடியில் கோட்டுக்கு மேலேயே கொஞ்சம் ஊற்றினாள்.

அப்பா எங்களை ரயிலில் கூட்டிப்போனார். அவன் ஜன்னலோரம். சேரன்மகாதேவி வருவதற்குள் இட்லி, மருந்து எல்லாவற்றையும் வெளியே கொட்டிவிட்டான். காற்று அதில் ஒரு பங்கைப் பின் ஜன்னலுக்குக் கொண்டுபோனது. அங்கே வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

“பிள்ளைய அங்கன திருப்பிப் பிடியும்வே” என்று எழுந்து நின்றார் அவர்.

“கோவிச்சுக்கிடாதிய அண்ணாச்சி. பரீச்சைக்குப் போற பிள்ளை” என்று அப்பா தன் துண்டை எடுத்து அவர் சட்டையைத் துடைக்கப் போனார்.

அவர் துண்டைத் தானே வாங்கித் துடைத்துக்கொண்டு அவனைப் பார்த்தார். “பரீச்சையா? எல்லாத்தையும் இங்கனயே கக்கிட்டா அங்கன போயி என்னத்தலே எழுதுவ?”

பெட்டியே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிக்கும்போதே எனக்குக் கொட்டாவி வந்தது.

தேர்வு பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில். எங்கள் இருவரையும் வேறு வேறு அறையில் போட்டிருந்தார்கள். அவன் கீழே, நான் மாடியில். அதுவரைக்கும் நாங்கள் ஒரே பெஞ்சை விட்டு வேறு பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் இல்லை. தமிழ்ப் பகுதியை எழுதியது எனக்கு நினைவிருக்கிறது. கணக்குப் பகுதியில் ஒரு தொட்டி நிரம்பிக்கொண்டிருந்தது. அது நிரம்பியதா இல்லையா என்று எனக்குத் தெரியாது. தோளில் ஒரு கை பட்டு விழித்தபோது, மேற்பார்வை டீச்சர் முகம் கழுவிவிட்டு வரச் சொன்னார். கழுவிவிட்டு வந்தேன். அடுத்து வரும் உருவம் எது என்று வரிசையாகப் படங்கள் கொடுத்திருந்தார்கள். முக்கோணங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் படுத்துக்கொண்டன. நானும் படுத்துக்கொண்டேன்.

வாசலில் நின்ற அப்பா, நல்லா எழுதினீங்களாலே என்று கேட்டார். அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நல்லா எழுதினேன் என்றான். நானும் அதையே சொன்னேன். உறங்கியதை ஒளிக்கவில்லை. திரும்பி வரும்போது ரயிலில் அதையும் சொன்னேன். அப்பா வீட்டுக்குப் போய் அம்மாவிடம் அதை ஒரு வேடிக்கைபோலச் சொன்னார். அம்மா சிரிக்கவில்லை.

மருந்து குடிக்காமல் இருந்தால் நான் தேறியிருப்பேனா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. கணக்கில் அவன் என்னைவிடக் கெட்டிக்காரன். மாடியில் உட்கார்ந்து படிக்கும்போதே, நான் பாதி போட்ட கணக்கை அவன் முதுகுப் பக்கமிருந்தே முடித்துச் சொல்லிவிடுவான். ஆனால் மருந்துதான் கெடுத்தது என்பதில் அம்மாவுக்குச் சந்தேகமே இல்லை.

முடிவு வந்த அன்று டீச்சர் மாலையில் வீட்டுக்கு வந்தார். அப்பா பட்டறையிலிருந்து இன்னும் வரவில்லை. அம்மா முறத்தில் அப்பளத்தை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒருவன் பெயர்தான் வந்திருக்கிறது என்று டீச்சர் சொன்னார். எந்தப் பிள்ளை என்று அம்மா கேட்டாள். டீச்சர் அவன் பெயரைச் சொன்னார். அம்மா அவனையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. மாடக்குழியில் பாதி மருந்தோடு இருந்த பாட்டிலைப் பார்த்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். அம்மாவின் அண்ணன், எதையும் சிரிக்காமல் சொல்கிறவர். அப்பா அன்று தீர்மானமாகவே இருந்தார். இரட்டையைப் பிரிக்கக் கூடாது, போனால் இரண்டும் போகட்டும், இல்லாவிட்டால் இரண்டும் இங்கேயே படிக்கட்டும் என்றார். டீச்சர் வந்து சொன்னதெல்லாம் அவரிடம் எடுபடவில்லை. சேர்வதாக இருந்தால் அந்த வாரத்துக்குள் சொல்லியாக வேண்டும். அவன் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். அப்பாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். கட்டில் போய்விடுமோ என்ற பயம் அவன் முகத்தில் தெரிந்தது. என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும்.

“இதுக்கு ஏன் மாப்ள மண்டைய உடைக்கிறிய” என்றார் மாமா. “ஒரு வருசம் அவன் போவட்டும், அடுத்த வருசம் இவன் போவட்டும். மூஞ்சியப் பாத்து எந்த வாத்தியாருக்கு அடையாளம் தெரியப் போவுது?”

அப்பாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. அது நல்ல யோசனையாகத் தோன்றியது. என் நெற்றியில் ஒரு தழும்பு உண்டு, அதை வைத்துத்தான் பள்ளிக்கூடத்தில் எங்களைப் பிரித்து அறிவார்கள். முடியை முன்னால் இழுத்து விட்டுக்கொண்டால் போதும் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

சிரித்து முடித்து அப்பா மறுபடியும் ஆரம்பித்தார். “வெளையாட்டில்ல அத்தான். ஒரே வயித்துல ஒண்ணாக் கெடந்த பிள்ளைய.”

அதுவரை பேசாமல் அப்பளம் இட்டுக்கொண்டிருந்த அம்மா குழவியைக் கீழே வைத்தாள்.

“கெடந்தது ஒண்ணாத்தான். வரும்போது ஒண்ணாவா வந்தானுவ? முதல்ல வந்தவன் இவனுக்காவ உள்ளயே இருந்தானா, இல்ல வழிய மறிச்சு நான் இருக்கச் சொன்னேனா? அவன் வந்தான், அவனுக்குப் பொறத்தால இவன் வந்தான். இப்பவும் அப்படியே போவட்டும்.”

அப்பா அவளையே பார்த்தார். ஒரு மூடி மருந்தைக்கூட ஒருவனுக்கு மட்டும் ஊற்றத் தெரியாதவள் இப்படிச் சொல்வாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

“நீயாட்டி சொல்லுத?”

“நான்தான் சொல்லுதேன். ஒருத்தன உறங்க வச்சது போதும். இன்னொருத்தனையும் உறங்க வைக்கச் சொல்லுதியளா?”

மாமா காப்பி கேட்டார்.

அந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு டிரங்குப் பெட்டி வேண்டும். அம்மா அம்பாசமுத்திரத்துக் கடையில் இரண்டு வாங்கினாள். இரண்டு பையன்களும் போகிறார்களா என்று கடைக்காரர் கேட்டதற்கு, ரெட்டைப் பிள்ளைய என்று மட்டும் சொன்னாள். இரண்டும் நீலப் பெட்டி. மேலே ஒரே ரோஜாப்பூ. நான் அதை அடுத்த வருஷத்துக்கான ஏற்பாடு என்றே எடுத்துக்கொண்டேன். என் உடுப்புகளை மடித்து அதில் வைத்துப் பூட்டினேன். குளித்துவிட்டு வந்து ஒவ்வொரு நாளும் பூட்டைத் திறந்து சட்டை எடுத்தேன். வீட்டில் யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

அவனை அனுப்ப திருநெல்வேலி ஜங்ஷன் வரைக்கும் போனோம். அப்பாதான் அவனோடு ரயிலில் ஏறினார். அவன் அழுதான். நான் அழவில்லை. சுவரோரக் கட்டிலைப் பிடித்துப் போடு, அடுத்த வருஷம் எனக்கு அது வேண்டும் என்று ஜன்னல் வழியாகச் சொல்லியனுப்பினேன். அவன் சரி என்று தலையாட்டினான். அவனும் மாமா சொன்னதை நம்பியிருந்தானா என்று பிறகு ஒரு விடுமுறையில் கேட்டேன். நம்பவில்லையாம். நான் நம்புவது தெரிந்ததால் தலையாட்டினானாம். இதையெல்லாம் வைத்துப் பார்த்தால் மூத்தவன் அவன்தான் என்று இப்போது ஒத்துக்கொள்ளலாம்.

இன்று அவனும் பட்டதாரி, நானும் பட்டதாரி. வேறு வேறு பள்ளிக்கூடம், வேறு வேறு கல்லூரி. அவன் தமிழில் கோயம்புத்தூர் கலந்துவிட்டது. போனில் குரலைக் கேட்டால் இப்போது யாரும் எங்களைக் குழப்பிக்கொள்வதில்லை. நான் உள்ளூரிலேயே படித்து, ரயிலில் திருநெல்வேலிக்குப் போய்வந்து படித்து, அங்கேயே ஒரு வேலையிலும் சேர்ந்துவிட்டேன். அந்த நீலப் பெட்டியில் இப்போது என் சான்றிதழ்கள் இருக்கின்றன. யாருக்கும் எதுவும் கெட்டுப்போய்விடவில்லை. ஆனாலும் அவன் போன பிறகு வந்த ஒரு மதியத்தை என்னால் மறக்க முடியவில்லை.

அவன் போய்க் கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும். எனக்குக் காய்ச்சல் வந்தது. இரட்டையில் ஒன்றைப் பிரித்தால் மற்றது இளைத்துப்போகும் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். உண்மையில் ஆற்றில் அதிகம் ஆடினதுதான் காரணம். பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் பாயில் படுத்துக் கிடந்தேன். முழுப் பாயும் எனக்கே இருந்தும் பழக்கத்தில் பாதியில்தான் படுத்திருந்தேன்.

அம்மா கடையிலிருந்து புது பாட்டில் வாங்கிவந்தாள். குலுக்கினாள். மூடியில் கோடு வரைக்கும் ஊற்றி எனக்குக் கொடுத்தாள். குடித்துவிட்டு மூடியைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கி, கோடு வரைக்கும் மறுபடியும் ஊற்றினாள். ஊற்றிவிட்டு நிமிர்ந்து, பாயின் அடுத்த பாதியைப் பார்த்தாள்.

மூடி கையிலேயே இருந்தது. திருப்பி பாட்டிலில் ஊற்றிவிடுவாள் என்று நினைத்தேன். அவள் அதைத் தன் வாயில் ஊற்றிக்கொண்டாள்.

“ஒனக்கும் காய்ச்சலாம்மா?” என்று கேட்டேன்.

“ஆமாலே.”

அவள் கையைத் தொட்டுப் பார்த்தேன். மாவு பிசைந்த கை குளிர்ந்துதான் இருந்தது. காய்ச்சல் இனிமேல்தான் ஏறும்போல என்று நினைத்தேன். இந்த மருந்து குடித்தால் உறக்கம் வரும், பைய படுத்துக்கோ என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

பகலில் அம்மா படுத்து நான் பார்த்ததே கிடையாது. மாடியில் அப்பளம் காய்ந்துகொண்டிருந்தது, காக்கா விரட்ட ஆளில்லை. அவள் அவன் படுக்கும் பாதியில், சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்து, சேலைத் தலைப்பை முகத்தின்மேல் இழுத்துப் போட்டுக்கொண்டாள். அசையவில்லை. என் அளவு மூடிதானே அவளும் குடித்தாள், எனக்கு இன்னும் கொட்டாவிகூட வரவில்லை, அவளுக்கு மட்டும் மருந்து இவ்வளவு சீக்கிரம் வேலை செய்துவிட்டதே என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டு கிடந்தேன்.