மூலையில் இல்லாத பியர் கிளாஸ்

“…மேட்ச் பெரிசோ சின்னனோ, எனக்கு அதைப் பற்றி ஒண்டும் இல்லை. அட்டை என்ர பேரில இருக்கு. அந்தாள் எழும்பிப் போகுமட்டும் நீங்கள் டீவியில கை வைக்கக்கூடாது. வைச்சியளோ, பிறகு நான் என்ன செய்வன் எண்டு எனக்கே தெரியாது.”

அக்கா இதைச் சொன்னது குசினிக்குள் நின்று. கையில் வெங்காயம் வெட்டிய கத்தி. எதிரே அவருடைய புருசன், நாங்கள் எல்லோரும் அண்ணை என்று கூப்பிடுகிறவர், ரிமோட்டை முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தக் கடையில் கிளாஸ் துடைக்கிற வேலையில் இருந்த நான் இரண்டு பேருக்கும் நடுவில் அகப்பட்டுப்போனேன்.

“இஞ்சரும், சத்தம் போடாதையும்,” என்றார் அண்ணை. “இடைவேளை முடியப்போகுது. டீவி போடாட்டில் சனம் எழும்பி எதிர்க் கடைக்குப் போயிடும். போன சனம் திரும்பி வராது.”

“போகட்டும்.”

“போகட்டுமோ? கொலோனில இருந்துகொண்டு, இண்டைக்கு, இந்த மேட்ச்சை…”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்த வருசம் எங்கள் ஊர் உதைபந்தாட்டக் கழகம் முதல் பிரிவில் நிற்குமா, இரண்டாம் பிரிவுக்கு இறங்குமா என்பது அன்றைய ஆட்டத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. முதல் பாதி முடிய இரண்டு பக்கமும் கோல் இல்லை.

அவர்கள் அந்தக் கடையை எடுத்து ஒரு வருசம்கூட ஆகவில்லை. சந்தி மூலையில் ஒரு பழைய பியர்க் கடை. முன்னிருந்த ஜெர்மன்காரர் முதுகு ஏலாமல் விட்டுப் போனதை, கதிரை மேசையோடும் வாடிக்கைக்காரரோடும் சேர்த்து எடுத்தார்கள். அக்கா ரோல்ஸும் ஆட்டிறைச்சிக் கறியும் போடத் தொடங்கியபோது அந்தச் சனம் முதலில் மணத்துக்கு மூக்கைப் பொத்தியது, பிறகு தட்டை வழித்தது. ஆனால் சனிக்கிழமை பின்னேரத்தில் அவர்கள் வந்தது கறிக்கு அல்ல.

ஆட்டத்தை நேரடியாகப் பார்ப்பதென்றால் கட்டணச் சேனல்தான் வழி. இலவசச் சேனல், ஆட்டம் முடிந்த பிறகுதான் துண்டு துண்டாகக் காட்டும். முடிவு தெரிந்து பார்க்கிற ஆட்டம் ஆறின தேத்தண்ணி என்பார் அண்ணை. கட்டணச் சேனலிலும் வீட்டுக்கு ஒரு அட்டை, கடைக்கு வேறு அட்டை. கடை அட்டை என்ன விலை என்று விசாரிக்கப் போன அண்ணை, வந்து அன்று முழுக்க ஒருவரோடும் கதைக்கவில்லை. வீட்டு அட்டையோ ஏற்கெனவே மேலே இருந்தது. கடைக்கு மேல் மாடியில்தான் அவர்கள் குடியிருந்தார்கள். அதனால் சனிக்கிழமைகளில் அட்டை செருகின டிகோடர் பெட்டியைத் தலையணை உறைக்குள் போட்டு அண்ணை மாடிப்படியால் இறக்கிக்கொண்டு வருவார். “சாமி இறங்குது, வழி விடுங்கோ” என்று நான் பகிடி விடுவேன். அக்கா மட்டும் சிரித்ததில்லை.

சிரிக்காததற்குக் காரணம் இருந்தது. வீட்டுக் கணக்கு எல்லாம் அக்காவின் வங்கியால் போகிறபடியால் அட்டை அவர் பேரில் வந்துவிட்டது. அக்கா அந்த நேரம் ஜெர்மன் பிரசாவுரிமைக்கு அன்ட்ராக், அதுதான் விண்ணப்பம், போட்டு, பதிலுக்குக் காத்திருந்தார். கனடாவில் இருக்கும் தங்கச்சியை அவர் கடைசியாகப் பார்த்தது தன் கலியாணத்துக்கு முன்னர். கையில் இருந்த அகதிப் பயணப் புத்தகத்தைக் காட்டிக் கேட்டபோதெல்லாம் கனடா விசா தர மாட்டேன் என்றது. ஜெர்மன் கடவுச்சீட்டு வந்தால் ஒருவரையும் கேட்கத் தேவையில்லை. வீட்டு அட்டையில் கடை நடத்தியதாக ஒரு பொலிஸ் முறைப்பாடு அக்காவின் பேரில் விழுந்தால், அந்த அன்ட்ராக் அப்படியே படுத்துவிடும். இது அண்ணைக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு சனிக்கிழமையும் ‘இண்டைக்கு மட்டும்’ என்று கடந்துபோனது.

பிடிப்பதும் மிகச் சுலபம். கடைக்கென்று எடுத்த அட்டை என்றால் ஆட்டம் நடக்கும்போது திரையின் மூலையில் ஒரு சின்ன பியர் கிளாஸ் படம் தெரியும். வீட்டு அட்டைக்குத் தெரியாது. சேனல்காரர் அனுப்புகிற கொன்ட்ரோல்காரன் ஒரு பியரை எடுத்துக்கொண்டு குந்தியிருந்து, பந்தைப் பார்க்காமல் மூலையைப் பார்த்தால் போதும்.

அன்று இடைவேளை வந்ததும் அண்ணை வழக்கம்போல் டீவியை நிற்பாட்டினார். விளம்பரத்துக்கு நான் ஏன் கரண்ட் செலவழிக்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை. திரை கறுத்து ஒரு நிமிசம் இருக்காது, கதவைத் திறந்துகொண்டு அந்த மனுசன் வந்தான். நாற்பது வயதிருக்கும். மழையில் நனைந்த மேற்சட்டை. கடையில் அவ்வளவு இடம் இருக்க, திரைக்கு நேர் எதிரே இருந்த கதிரையில் போய் இருந்தான். ஒரு பியர் கேட்டான். குடித்து முடித்ததும் நான் அடுத்த கிளாசை வைத்தேன்.

“இது நான் கேட்கேல்லையே,” என்றான் ஜெர்மனில்.

கொலோனில் ஒருவரும் இரண்டாவதைக் கேட்பதில்லை. கிளாஸ் வெறுமையானால் நாங்களே அடுத்ததை வைப்போம். போதுமென்றால் கிளாசுக்கு அடியில் கிடக்கும் பியர் மட்டையை எடுத்து மேலே வைத்து மூடிவிடுவார்கள். இது தெரியாதவன் இந்த ஊரான் இல்லை. பேச்சும் வடக்கு ஜெர்மனிப் பேச்சு. வேறு ஊரிலிருந்து வந்து, எங்கள் ஊர்க் கழகம் சாகக் கிடக்கிற நேரத்தில், திரைக்கு முன்னால் ஏன் தனியாக இருக்கிறான்?

அதைத்தான் நான் ஓடிப்போய்க் குசினிக்குள் சொன்னேன். அதற்குத்தான் அக்கா கத்தியோடு திரும்பினார்.

நானும் அண்ணையும் வெளியே வந்தபோது வாடிக்கைக்காரரின் மேசையில் பழைய வாக்குவாதம் ஓடிக்கொண்டிருந்தது: பெரிய கழகம் என்றால் எது? தொடக்கி வைத்தவர் மதுரைக்கார இஞ்சினியர். வால்டோர்ஃப் என்கிற ஊரில் ஒரு கம்பனியில் வேலை, கொலோனில் ஏதோ ப்ராஜெக்ட். நல்ல மனுசன், ஆனால் தெற்குப் பக்கத்துப் பணக்காரக் கழகத்தின் ஆள்.

“அண்ணா, கப் எத்தனைன்னு பாருங்க. கப் இருந்தா பிக் கிளப். இல்லைன்னா சும்மா பேருதான்,” என்றவர், அதையே ஆங்கிலத்தில் மேசைக்கும் சொன்னார்.

ட்ராம் ஓட்டி இளைப்பாறின கிழவர் ஒருவர் எப்போதும் யன்னலோரம் இருப்பார். அவர்களுடைய ஜெர்மனை நான் எங்கட தமிழில்தான் ஞாபகம் வைத்திருக்கிறேன். கிழவர் சொன்னார்: “கப் கனக்க இருந்தால் அலுமாரி பெரிசு. கழகம் பெரிசெண்டு ஆர் சொன்னது? இரண்டாம் பிரிவில, மழைக்குள்ள, பேர் தெரியாத ஊரோட விளையாடேக்கையும் மைதானம் நிறையுதோ, அதுதான் பெரிசு.”

பக்கத்தில் சலூன் வைத்திருந்த பெண்மணி சிகரெட்டை அணைத்தார். “என்ர முதல் புருசன் போயிட்டான். ரெண்டாவதும் போயிட்டான். சீசன் டிக்கெட் மட்டும் வீட்டில இருக்கு. இதுக்கு மேல என்ன பெரிசு வேணும் உங்களுக்கு?”

எல்லோரும் சிரித்தார்கள். ஆட்கள் சொல்கிற இப்படியான சொல்லுகளை மனதில் சேர்த்து வைப்பது என் பழக்கம். அன்றைக்கு அதையும் சரியாகச் செய்ய முடியவில்லை, கண் அந்த மனுசனின் பக்கமே போனது. அவனும் சிரித்தான். சிரித்தபடி, ஒருவரும் கேட்காமலே, தன் பங்கைச் சொன்னான்:

“எனக்கு வேற கணக்கு. ஒரு கழகத்தைப் பாக்கிறதுக்கு நல்ல சனமும் களவு செய்யுமெண்டால், அது பெரிய கழகம். சின்னக் கழகத்தை ஒருத்தரும் களவாய்ப் பாக்கிறேல்லை.”

சலூன்காரி இன்னொரு சிகரெட்டை எடுத்து, பற்ற வைக்காமல் பிடித்துக்கொண்டிருந்தார். கிழவர் என்னைப் பார்த்தார். டிக்கெட் சோதிக்கிறவர்கள் ஏறி இறங்கின ட்ராமை நாற்பது வருசம் ஓட்டினவருக்குக் கொன்ட்ரோல்காரனின் மணம் தெரியாமல் இருக்குமா?

தெரியாமல் இருந்தவர் ஒரே ஒருத்தர். எங்கள் இஞ்சினியர் அந்த மனுசன் பக்கம் குனிந்து, நல்ல ஆங்கிலத்தில், கடைக்கு வாடிக்கை பிடித்துக் கொடுக்கிற சந்தோசத்தோடு சொன்னார்: “டோன்ட் வொரி சார். இங்க எவ்ரி சாட்டர்டே எல்லா மேட்ச்சும் காட்டுவாங்க. ரொம்ப நல்ல ஃபேமிலி.”

“அப்படியோ?” என்றான் அவன். மேற்சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்து மேசையில் வைத்தான். “அப்ப போடச் சொல்லுங்கோவன். ரெண்டாம் பாதி துவங்கியிருக்கும்.”

துவங்கியிருந்தது. சுவரில் இருந்த மணிக்கூட்டை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். அண்ணை ரிமோட்டைக் கை மாற்றிப் பிடித்தார். பின் மேசையில் இரண்டு பேர் எழும்பி மேற்சட்டையைப் போடத் தொடங்கினார்கள். கோபத்தில் இல்லை, பாவம், ஆட்டம் நடக்கிறது, அவர்களால் இருக்க ஏலாது. அண்ணை அவர்களைப் பார்த்தார். பிறகு கறுத்த திரையைப் பார்த்தார். அவருடைய பெருவிரல் பொத்தானுக்கு மேல் வந்து நின்றதை நான் கண்டேன்.

“அண்ணை,” என்றேன் மெதுவாக.

“தெரியுமடா.”

அப்போதுதான் வீதிக்கு அந்தப் பக்கம் எதிர்க் கடையில் ஒரு சத்தம் எழும்பியது. கண்ணாடி அதிர்ந்தது. ஆருடைய கோல்? எங்கட கோலா, அவங்கட கோலா? மூடின கதவுக்குள்ளால் சந்தோசமும் சாவும் ஒரே மாதிரித்தான் கேட்டது. சலூன்காரி வாயைப் பொத்திக்கொண்டார். கிழவர் காதை யன்னலில் வைத்தார்.

“எங்கட கோல்தான்,” என்றார். “அவங்கட கோலுக்கு இவ்வளவு கதிரை விழாது.”

அதோடு அண்ணையின் முகம் மாறிவிட்டது. அந்த நேரம் அவருக்கு மனைவியும் இல்லை, கனடாவும் இல்லை, ஒரு பொத்தான்தான் உலகத்தில் மிச்சம். கை உயர்ந்தது.

குசினிக் கதவு திறந்தது. அக்கா வந்தார். கத்தி இல்லை, ஏப்ரன் மட்டும். அண்ணையின் கையிலிருந்து ரிமோட்டை எடுத்து ஏப்ரன் பைக்குள் போட்டார். நேரே தெருக் கதவுக்குப் போய், கண்ணாடியில் தொங்கிய பலகையைப் ‘பூட்டியிருக்கு’ என்ற பக்கத்துக்குத் திருப்பினார். சனிக்கிழமை பின்னேரம், கடை நிறைந்திருக்க, கடையைப் பூட்டிய ஒரு ஆளை நான் அதற்கு முன் கண்டதில்லை. பிறகு டீவிக்குக் கீழே குனிந்து வயரை இழுத்தார். தலையணை உறையைத் தேடவில்லை. பெட்டியை எல்லோரும் காண வெளியே எடுத்து, இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு நிமிர்ந்தார்.

அந்த மனுசன் எழும்பினான். சட்டைக்குள் இருந்த ஒரு அடையாள அட்டையைக் காட்டினான். “அது இஞ்ச என்ன செய்யுது?”

“வீட்டுச் சாமான்,” என்றார் அக்கா, தன்னுடைய தெளிவான, ஒவ்வொரு சொல்லையும் மிதித்து நடக்கிற ஜெர்மனில். “வீட்டுக்குப் போகுது.” பிறகு மேசைகளைப் பார்த்து: “என்ர வீடு மேல. வாறவை வரலாம். சப்பாத்தைப் படியில கழட்டிப்போட்டு வாங்கோ. மேல பியர் இல்லை, ஒண்டும் விக்கிறதும் இல்லை. தேத்தண்ணி தருவன்.”

கிழவர் முதல் ஆளாகக் குனிந்து சப்பாத்து நாடாவை அவிழ்த்தார். சலூன்காரி தன் உயர்ந்த குதிச் சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு அவருக்கு முன்னால் ஓடினார். மேற்சட்டை போட்டவர்கள் திரும்பக் கழற்றினார்கள். இஞ்சினியர் முகம் சாம்பலாகி, “அக்கா, சாரி அக்கா, எனக்குத் தெரியாது” என்று தமிழில் சொல்லிக்கொண்டே காலுறையோடு ஏறினார். அண்ணை யாரையும் பார்க்காமல் கடைசியாகப் போனார். கீழே அக்கா, நான், அந்த மனுசன்.

அவன் கறுத்த திரையைத் திரும்பிப் பார்த்தான்.

“நான் கண்ணால கண்டதை மட்டும்தான் எழுதுறது,” என்றான். “ஒண்டும் காணேல்லை. பூட்டின கடையில எனக்கு வேலையும் இல்லை.” பேனையை எடுத்துப் பையில் வைத்தான். “ஆனால் நான் இன்னும் வருவன். வேற ஆக்களும் வருவினம்.”

“வாங்கோ. அந்த நேரம் கடை பூட்டியிருக்கும்,” என்றார் அக்கா.

“சனிக்கிழமைகளிலயோ?”

“சனிக்கிழமைகளிலதான்.”

அவன் தலையை ஆட்டினான். மேற்சட்டையின் கழுத்தை உயர்த்திக்கொண்டு மழைக்குள் இறங்கினான். நான் கதவைச் சாத்திப் பூட்டில் திறப்பைத் திருப்பினேன். மேலே காலுறைக் கால்கள் பலகைத் தளத்தில் தொம் தொம்மென்று விழுந்தன. “பெட்டி எங்கை? பெட்டியைக் கொண்டுவாங்கோ!” என்று அண்ணை மேலிருந்து கத்தினார். கிழவரும் சேர்ந்து கத்தினார்.

அக்கா மாடிப்படிக்குப் போய் முதல் படியில் கால் வைத்தார். வைத்த கால் ஏறவில்லை. அந்தப் படியிலேயே, நனைந்த சப்பாத்துகளுக்கு நடுவில், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு குந்திவிட்டார். “கத்தட்டும்,” என்றார், “நான் எத்தனை வருசம் காத்திருக்கிறன்.”