ஒரே டிஸ்க், ஐந்து கையெழுத்து

என் மேசை இழுப்பறையில் ஒரு கறுப்பு ஹார்ட் டிஸ்க் கிடக்கிறது. மன்னார்புரத்து அலுவலகத்துக்கு வெள்ளையடித்தபோதுகூட அதை மட்டும் யாரையும் தொடவிடவில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் எங்கள் நீதிமன்றத்து அரசு வக்கீல் மாமியின் குரல்தான் காதில் விழும். ஸ்ரீரங்கத்துக்காரர். குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக வாதாடும் எனக்கு அவர் எதிர்த்தரப்பு.

துறையூர் பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு கடையில் பூட்டை உடைத்துத் திருட்டு. கைதான ஐவரில் ஒருவர் என் கட்சிக்காரர், பச்சைமலையில் மரவள்ளி போடுகிறவர். கடை வாசலில் மற்ற நால்வருக்குப் பக்கத்தில் அவர் நிற்கும் சிறு வீடியோத் துண்டைத்தான் போலீஸ் கொடுத்திருந்தது. "நான் பஸ்ஸுக்கு நின்னேங்க, வந்ததும் ஏறிப் போயிட்டேங்க" என்று சிறையில் அழுதார். கேமராவின் முழுப் பதிவு வந்தால் தெரிந்துவிடும். அதற்குப் பெரிய டிஸ்க் வேண்டும். ஐந்து வக்கீல்களும் ஆளுக்கொன்று கேட்டோம். பணம் ஒதுக்கவில்லை என்று ஸ்டேஷனில் கையை விரித்தார்கள். வாய்தா மேல் வாய்தா. "ஆட்டை வித்தாவது நாங்களே வாங்கித் தந்துடுறோங்க" என்றார் அவர் மனைவி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குற்றம் சாட்டப்பட்டவருக்கு நகல் இலவசம் என்பது சட்டம். இவர் கொடுத்தால் நாளை மலையிலிருந்து வருகிற எல்லாரும் கொடுக்க வேண்டியிருக்கும். முடியவே முடியாது என்றேன். வீறாப்பாகச் சொல்லிவிட்டேன், உள்ளே கிடந்தது நானா?

அடுத்த வாய்தாவில் மாமி எழுந்து எங்கள் பக்கம் திரும்பினார். "அஞ்சு பேருக்கும் ஒரே படம்தானே? ஒருத்தர் பார்த்தா தேஞ்சா போயிடும்? ஒரு டிஸ்க் குடுக்கச் சொல்றேன். இங்கேயே, எல்லார் எதிரிலேயும், அவாவா லேப்டாப்ல ஏத்திண்டு கையெழுத்துப் போடுங்கோ." நாங்கள் ஐவரும் சரியென்று தலையாட்டினோம். நீதிபதி சிரித்தபடியே உத்தரவிட்டார். ஒரே ஒரு டிஸ்க் என்றதும் ஸ்டேஷனிலும் வழி பிறந்தது. கடைசியாக ஏற்றியது நான், திருப்பிக் கேட்பாரில்லாமல் டிஸ்க் என்னிடமே தங்கிவிட்டது.

போலீஸ் கொடுத்த துண்டு முடிந்த இடத்துக்கு அடுத்து, மலை பஸ் வந்து நிற்கிறது. என் கட்சிக்காரர் முண்டியடித்து ஏறுகிறார். பஸ் போய் வெகுநேரம் கழித்துத்தான் பூட்டு உடைகிறது. அடேயப்பா! நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து கத்தினேன். கோர்ட்டில் அதைப் பார்த்த மாமி, "இவரை விடுவிக்க அரசுத் தரப்புக்கு ஆட்சேபணை இல்லை" என்று கணீரென்று சொன்னார். வெளியே வந்ததும், "நான் வாங்கிக் குடுத்த டிஸ்க்கை வச்சு என்னையே தோக்கடிச்சுட்டயே, சமர்த்து!" என்று தோளில் தட்டினார். விடுதலையானவர் கொண்டுவந்த மரவள்ளி மூட்டையைக் கண்டதும், "லஞ்சமா? எடுத்துண்டு போங்கோ!" என்று விரட்டினார். மூட்டை என் வீட்டுக்கு வந்தது.

மாமி ஓய்வு பெற்றுவிட்டார். இன்றும் மலையிலிருந்து வருகிறவர்கள் என் எதிரே உட்கார்ந்து, மடியைத் தடவிக்கொண்டே, "வீடியோ நகலுக்கு எவ்வளவு ஆகுங்க?" என்று கேட்கிறார்கள். இழுப்பறையைத் திறந்து அந்த டிஸ்க்கை எடுத்து மேசைமேல் வைக்கிறேன்.

"ஒரு பைசா ஆகாதுங்க."