லேமினேஷன் போட்ட ரகசியம்

உத்திரமேரூரில் ஜெராக்ஸ், பேனர் கடை வைத்திருக்கிறேன். பேனர் டிசைன் செய்யும் கம்ப்யூட்டர் சும்மா இருக்கும்போது, இன்டர்நெட் வழியாக யாரோ ஏஐ வேலைக்கு அதைப் பயன்படுத்திக்கொள்வார்களாம். கூலியாக கிரிப்டோ டோக்கன் வருமாம். என் கொழுந்தனார்தான் ஏற்பாடு செய்தார். யாருடைய வேலை, டோக்கன் பணமா இல்லையா, எதுவும் எனக்குப் பிடிபடவில்லை. பன்னிரண்டு ஆங்கில வார்த்தைகளை ஒரு தாளில் எழுதி, "இதான் அண்ணி, டோக்கன் கணக்குக்கு சாவி. பத்திரமா வச்சிக்கினு இருங்க" என்றார்.

பத்திரம் என்றால் எங்கள் கடையில் ஒரே வழிதான். லேமினேஷன் போட்டு, கம்ப்யூட்டருக்கு மேலே மாட்டினேன்.

பத்து நாள் கழித்து, பக்கத்து ஊர் பெருநகரிலிருந்து பேனர் அடிக்க வந்த ஒருவர் அதைப் பார்த்துப் பதறினார். "இன்னாம்மா இது! எவன் போட்டோ புட்ச்சிக்கினு போனாலும் உன் டோக்கன் மொத்தமும் அவனுதும்மா!"

உடனே கொழுந்தனாருக்கு போன் செய்தேன். நல்லவேளை, டோக்கன் அப்படியே இருந்தது. வேறு கணக்குக்கு மாற்றிவிட்டு, புது வார்த்தைகளை பீரோவில் வைத்துப் பூட்டச் சொன்னார்.

இப்போதெல்லாம் யார் எதை லேமினேஷனுக்குக் கொடுத்தாலும், "இத நாலு பேர் பாக்கலாமா?" என்று கேட்ட பிறகே மெஷினில் விடுகிறேன். நேற்று ஆதார் தாளை நீட்டிய ஒரு பெண், "ஏன்க்கா, பாத்தா இன்னா ஆவும்?" என்றாள்.

"தெரியலம்மா" என்றேன். சத்தியமாகத் தெரியவில்லை.