அப்பா எழுதிவைத்த கல்வெட்டு

பொத்தானை அழுத்தினேன். கணினியின் காற்றாடி சுழன்றது. திரை கறுப்பாகவே இருந்தது.

குசினியிலிருந்து அம்மா ஓடி வந்தார். கையில் அகப்பை. கதவடியில் நின்று கதிரையைப் பார்த்தார்.

"நீயோ," என்றார். திரும்பிப் போனார்.

பதினான்கு வருடமாக இந்த வீட்டில் அந்தக் காற்றாடிச் சத்தம் கேட்டால் அப்பா எழுத உட்கார்ந்துவிட்டார் என்று அர்த்தம். அப்பா போய் இருபத்தைந்து நாள். சத்தத்துக்கு அது தெரியாது.

அப்பாவின் பெயர் குகதாசன். துணுக்காய்ப் பக்கத்தில், குளத்துக்குக் கீழே, மூன்று ஏக்கர் வயல் செய்தவர். அதற்கு முன் கூட்டுறவுச் சங்கத்தில் எழுதுவினைஞர்; தட்டச்சு தெரியும். யுத்தம் முடிந்து மீள்குடியேறிய அடுத்த வருடம் வவுனியாவில் ஒரு பழைய கணினியை வாங்கி, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் வந்தார். "மடியில இருக்கிற பிள்ளைக்கு அரை ரிக்கற் எடுங்கோ ஐயா," என்றாராம் நடத்துநர். அப்பா எடுத்தார். அந்தச் சீட்டு நெடுநாள் திரையின் ஓரத்தில் ஒட்டியிருந்தது.

அந்தக் கணினியில் அவர் கல்வெட்டு எழுதினார். முப்பத்தோராம் நாள் வீட்டுக்கு வருபவர்களுக்குக் கொடுக்கிற அந்தச் சிறு புத்தகம். அதில் தேவாரத்தை யாரும் போடலாம். இறந்தவரின் வாழ்க்கை வரலாறு என்ற ஒன்றரைப் பக்கம்தான் கடினம். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்ததும் கொப்பியோடு செத்தவீட்டுக்குப் போவார். "அன்பும் பண்பும்" என்று யாராவது தொடங்கினால் பேனையை மூடிவிடுவார். "அதை விடுங்கோ. நித்திரை வராட்டி மனிசன் என்ன செய்வார்?" சனங்கள் திகைக்கும். பிறகு கதை வரும்.

ஆண்டியப்பன் என்பவருக்கு அப்பா எழுதியது எனக்கு மனப்பாடம்: "தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். வன்னிக்கு வந்தபின் தேநீரைத் தொடவில்லை. கோப்பிதான். காரணம் கேட்டவர்களுக்கு மாட்டைப் பற்றிக் கதைத்தார்."

இப்போது அப்பாவுக்குக் கல்வெட்டு அடிக்க வேண்டும். மல்லாவியில் அச்சகம் வைத்திருக்கும் சுகந்தினியக்கா நாளை பின்னேரத்துக்கு முன் எழுத்து வேண்டும் என்றார். நான் எழுதுகிறேன் என்றேன். அம்மா மறித்தார்.

"அவர் தன்ரையைத் தானே எழுதி வைச்சிருக்கிறார். கம்பியூட்டருக்குள்ள கிடக்கு எண்டு எனக்குச் சொன்னவர். அதுதான் வரோணும்."

"அம்மா, அது வேலை செய்யேல்லை."

"நீ என்னத்துக்குப் படிச்சனீ?"

நான் கொழும்பில் கணினி வன்பொருள் திருத்தும் பிரிவில் பொறியியலாளர். வன்தட்டைக் கழற்றி என் மடிக்கணினியில் வாசிப்பதுதான் குறுக்கு வழி. ஆனால் அது பழைய வகை. அகலமான நாடா இணைப்பு. அதற்கான கருவி கொழும்பிலிருந்து வர நான்கு நாள். எனக்கு இருந்தது ஒன்றரை நாள். பெட்டியைத் திறந்து திருத்துவதைத் தவிர வழியில்லை.

பெட்டியைத் திருப்பினேன். காற்றுப் போகும் துளைகள் எல்லாம் மண்ணிற ஒட்டும் ரேப்பால் ஒட்டப்பட்டிருந்தன. பின்பக்கம், பக்கவாட்டு, அடிப்பகுதி. வயல் வேலியைப் போல நேராக, ஒரு மடிப்பும் இல்லாமல்.

மூடியைக் கழற்றினேன். உள்ளே தூசே இல்லை. பழைய கணினி ஒன்றை இவ்வளவு சுத்தமாக நான் கண்டதில்லை. இரும்புச் சட்டத்தில் எட்டுச் சந்தனப் பொட்டு வரிசையாகக் காய்ந்திருந்தது. சந்தன வாசம் கொஞ்சம் மிஞ்சியிருந்தது.

வாணி விழாவில், சரஸ்வதி பூசையன்று, அப்பா கணினிக்கும் திருநீறு பூசிப் பொட்டு வைப்பார். ஆறு வருடத்துக்கு முன், பெட்டியைத் திறந்து உள்ளே பொட்டு வைப்பதைப் படம் பிடித்து எனக்கு அனுப்பினார். நான் அலுவலகத்திலிருந்து அழைத்துச் சத்தம் போட்டேன். "திருநீறு ஈரத்தை இழுக்கும் அப்பா. மதர்போட் செத்துப்போகும்." அது நினைவில் இருந்தது. அதனால் சந்தனத்தையும் திருநீற்றையும் குற்றவாளியாக வைத்தே தேடினேன். நினைவகத்தைக் கழற்றி, அதன் பொன்முலாம் பூசிய விளிம்பை அழிறப்பரால் தேய்த்தேன். தாய்ப்பலகையைத் தூரிகையால் துடைத்தேன். தூரிகையில் ஒன்றும் வரவில்லை. நினைவகம் இல்லாமல் அழுத்தினேன், பெட்டி கீச்சிட்டது. செயலி உயிரோடு இருக்கிறது. திரும்பப் போட்டு அழுத்தினேன், மௌனம். மின்வழங்கியை அளந்தேன், சரி. பதினோராம் தடவை அழுத்தியபோது திரையில் நிறுவனச் சின்னம் வந்தது. அரை நிமிடம். உறைந்தது.

வெளியே மயில் ஒன்று கத்தியது. குளத்துப் பக்கமிருந்து வந்த காற்று அறைக்குள் நுழைந்து, திறந்த பெட்டிக்குள்ளும் போனது. ஆறு வருடத்துக்குப் பிறகு அதற்குக் காற்று. நான் அப்படியே இருந்தேன். அப்பா பின்னால் நின்று பார்க்கிறார் என்று தோன்றியது. திரும்பவில்லை. திரும்பினால் இல்லாமல் போய்விடுவார்.

பிறகு அந்த அகல நாடாவை ஒதுக்கிப் பார்த்தேன். அதன் பின்னால், செயலிக்கு அருகே, எட்டுக் கொள்ளளவிகள். கடைக்காரர் கப்பாசிற்றர் என்பார்கள்; செயலிக்குப் போகும் மின்சாரத்தைத் தளம்பாமல் வைத்திருக்கும் சிறு உருளைகள். தலை தட்டையாக இருக்க வேண்டும். ஐந்தின் தலை ஊதியிருந்தது. ஒன்றிலிருந்து பழுப்பு நிறத்தில் ஏதோ கசிந்து காய்ந்திருந்தது.

வேலைப் பழக்கம். தாளில் எழுதினேன்.

பழுது: கொள்ளளவிகள் ஐந்து. காரணம்: வெப்பம். வெப்பத்துக்குக் காரணம்: துளைகள் அடைக்கப்பட்டமை. அடைக்கச் சொன்னவர்:

அங்கே நிறுத்தினேன். அந்த அழைப்பின் முடிவில் நான் சொன்னது ஞாபகம் வந்தது. "நல்லா மூடி வையுங்கோ. ஒண்டும் உள்ள போகக்கூடாது." துளைகளைச் சொல்லவில்லை. அவர் துளைகளையும் சேர்த்து எடுத்துக்கொண்டார். பொட்டுகளைத் திரும்பப் பார்த்தேன். எட்டும் இரும்பில்தான். பலகையில் ஒரு துளி இல்லை. எங்கே வைக்கலாம், எங்கே கூடாது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அம்மா தேநீர் கொண்டுவந்தார். தாளை எடுத்து வாசித்தார். கடைசி வரியில் பெயர் இல்லாததைக் கவனித்தார்.

"நீ சொல்லித்தானே ஒட்டினவர்," என்றார். "மூண்டு சுருள் ரேப். போற வாற ஆக்களுக்கெல்லாம் காட்டினவர். 'எஞ்சினியர் சொன்னா ஒரு காரணம் இருக்கும்' எண்டு."

"அதாலதான் பழுதாப் போனது அம்மா."

அம்மா தாளைக் கீழே வைத்தார். திறந்த பெட்டிக்குள் பார்த்தார்.

"அப்ப நீதான் திருத்தோணும்," என்றார். "தேத்தண்ணி ஆறுது."

ஸ்கூட்டரில் மல்லாவிக்குப் போனேன். முத்துலிங்கம் அண்ணை கைபேசி திருத்துகிறவர். கடைக்குள் கண்ணாடித் துண்டுகளும் பசை வாசமும். ஊதிய உருளைகளின் படத்தைக் காட்டினேன்.

"இந்தச் சாமான் இப்ப ஆர் வைச்சிருக்கினம் தங்கச்சி? பெட்டியைத் தூக்கி எறியுங்கோ. நான் புதுசு ஒண்டு எடுத்துத் தாறன்."

"புதுசுக்குள்ள அப்பாவின்ரை எழுத்து இல்லை அண்ணை."

அவர் எழுந்தார். மேசைக்கடியில் தவழ்ந்து, வெள்ளத்தில் மூழ்கிய ஒரு பழைய பலகையை இழுத்தெடுத்தார். சேறு காய்ந்து சாம்பல் பூத்திருந்தது. ஆனால் கொள்ளளவிகளின் தலை தட்டை.

"தண்ணிக்குள்ள கிடந்தது. ஆனால் இதுக்குச் சூடு பிடிக்கேல்லை. உங்கடைக்குத் தண்ணி படேல்லை, சூட்டில போயிட்டுது. ரெண்டையும் சேர்த்துப் பாருங்கோ." பிறகு என் கையைப் பார்த்தார். "கொழும்பில நீங்கள் இதெல்லாம் கையால செய்யிறதோ, இல்லாட்டி கையெழுத்து மட்டும் போடுறதோ?"

"கையெழுத்துத்தான்."

"அதுதானே பார்த்தன்." ஈயம் உருக்கும் தன் பெரிய சூட்டுக்கோலை எடுத்துத் தந்தார். "பலகையில செம்பு கூட. சின்னக் கோலின்ரை சூட்டை அது குடிச்சுப்போடும். அவசரப்படாதேங்கோ. உங்கடை அப்பா என்ரை அம்மாவுக்கு எழுதினவர். அம்மா ஆரோடையும் கோவிச்சா வெங்காயம் உரிப்பா எண்டு எழுதினவர். அதை வாசிச்ச பிறகுதான் எனக்கே விளங்கினது, எங்கடை வீட்டில ஏன் எப்பவும் வெங்காயச் சம்பல் எண்டு."

அன்று பின்னேரம் முழுவதும் ஈயத்தை உருக்கினேன். ஐந்தைக் கழற்றினேன். சேற்றுப் பலகையிலிருந்து ஐந்தை எடுத்துப் பொருத்தினேன். எதிர்முனை எந்தப் பக்கம் என்று மூன்று முறை சரிபார்த்தேன். இருட்டுவதற்கு முன் சூட்டுக்கோலை வைத்துவிட்டேன். பலகையை விடியும்வரை ஆறவிட்டேன்.

காலையில் ரேப் முழுவதையும் உரித்தேன். பொத்தானை அழுத்தினேன். அம்மா ஏற்கனவே பக்கத்தில் இருந்தார்.

சின்னம் வந்தது. உறையவில்லை. திரையில் பச்சைப் புல்வெளி விரிந்தது.

மூலையில் திகதி: 2003 ஜனவரி 1. மணிக்கூட்டைக் காக்கும் சிறு மின்கலம் எப்போதோ இறந்திருக்கிறது. அதனால் ஒவ்வொரு முறை விழிக்கும்போதும் இந்தக் கணினிக்கு அதே நாள். அப்பா அதைத் திருத்தவில்லை. கோப்புறையைத் திறந்தேன். இருநூற்றுப் பதினான்கு கல்வெட்டுகள். எல்லாவற்றுக்கும் ஒரே திகதி. ஆண்டியப்பனும் முத்துலிங்கம் அண்ணையின் அம்மாவும் சுற்றுவட்டாரத்தில் போன எல்லோரும் அந்த ஒரு நாளுக்குள் இருந்தார்கள். முந்தியவர் பிந்தியவர் இல்லை. யாரும் இன்னும் இடம்பெயராத ஒரு காலை போல, பெயர்கள் மட்டும் கீழே கீழே போய்க்கொண்டிருந்தன.

குகதாசன் என்ற பெயர் வந்தது.

"திற," என்றார் அம்மா.

"முதல் எல்லாத்தையும் பிரதி எடுக்கிறன். இது எப்ப நிக்குமெண்டு தெரியாது."

எடுத்தேன். அம்மா நாற்பது நிமிடம் அசையவில்லை. பிறகு திறந்தேன். உரத்து வாசிக்கச் சொன்னார்.

"குகதாசன் 1957இல் பிறந்தார். நீந்தத் தெரியாது. குளத்துக்குக் கீழே பிறந்தவர் என்பதால் இதை யாரும் நம்புவதில்லை."

அம்மா சிரித்தார். இருபத்தாறு நாளில் முதல் தடவை.

"கமலாசனியை முதலில் கண்டது மல்லாவிச் சந்தையில். அவர் ஒரு பூசணிக்காயைத் தட்டிப் பார்த்துவிட்டு வாங்காமல் போனார்."

"வாங்கினனான்! ரெண்டு வாங்கினனான். இந்த மனிசன் எங்கை பார்த்துக்கொண்டு நிண்டதோ தெரியாது. அதை மாத்து."

"அவர் எழுதினதுதான் வரோணும் எண்டு சொன்னனீங்கள்."

"பொய்யெண்டா மாத்தத்தான் வேணும்."

தொடர்ந்து வாசித்தேன். சங்க வேலை, கலியாணம், நான் பிறந்தது, இடப்பெயர்வுகள். பிறகு ஒரு வரி: "2009 பங்குனியில்". அதன்பின் ஒன்றுமில்லை. வெள்ளைத் திரை.

அந்தப் பங்குனியில்தான் என் தம்பி நிருஷன் போனான். ஒன்பது வயது. அவனுக்கு எட்டுச் செலவும் இல்லை, கல்வெட்டும் இல்லை. இருநூற்றுப் பதின்மூன்று பேருக்கு எழுதியவர், அந்த ஒரு வரியைத் தாண்டவில்லை. எத்தனை தடவை வந்து நின்றாரோ தெரியாது. திகதி சொல்லாது.

காற்றாடி ஓடிக்கொண்டிருந்தது. அச்சகத்துக்கு என்ன அனுப்புவது என்று யோசித்தேன். இவ்வளவும் போதும் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"மிச்சத்தை நான் சொல்லுறன்," என்றார் அம்மா. கதிரையைக் கிட்ட இழுத்தார். "நீ அடி."

அடித்தேன். "2009 பங்குனியில் மகன் நிருஷனைத் தன் கையால் மண் தோண்டி அடக்கம் செய்தார்." அம்மா திரையில் அந்தப் பெயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சேமித்தேன். ஒவ்வொரு வரிக்கும் சேமித்தேன்.

"பிறகு?"

"பிறகு இஞ்சை திரும்பி வந்தனாங்கள். கிணத்துக்குள்ள ஆரோ ஒரு சைக்கிளைப் போட்டிருந்தவை. இறங்கி எடுத்தவர். ரெண்டு வருசம் ஓடினது. அதையும் போடு."

போட்டேன். மூன்று மணிக்குச் சுகந்தினியக்கா அழைத்தார். "பிள்ளை, இன்னும் முடியேல்லையோ? மெசினெல்லாம் ஆயத்தமா நிக்குது."

அம்மா என் கையிலிருந்து தொலைபேசியை வாங்கினார்.

"சுகந்தினி, 2014 வரைக்கும் வந்திட்டம். கொஞ்சம் பொறுங்கோ."