ஏழாம் வாய்ப்பாடு

"இன்னிக்கு எத்தனை அடிப்பாங்க?" என்று கேட்டாள், அரங்கின் முதல் வரிசையில் பக்கத்து இருக்கையிலிருந்த டாலியா.

வெர்ன் மஸூரெக் கையுறையைக் கழற்றி மனைவி ஜானிஸின் மடியில் போட்டார். "நல்ல பசங்களா இருந்தா பதினாலோட நிறுத்துவாங்க."

"நீங்க எந்தக் கட்சி?"

"பத்தொம்பது வருஷமா நம்ம ஊர்க் கட்சிதான். என் தோள்பட்டை மட்டும் எதிர்க்கட்சி."

"நெஞ்சையும் அதுல சேத்துக்கோ" என்றாள் ஜானிஸ், தின்றுகொண்டிருந்த ஸாஸேஜிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அமெரிக்கக் கால்பந்தில் சொந்த ஊர் அணி பந்தோடு எதிரணியின் எல்லைக்கோட்டைக் கடந்து டச் டவுன் போடும்போதெல்லாம், முதல் வரிசைக்கு முன்னாலுள்ள சிமென்ட் தரையில் வெர்ன் தண்டால் எடுப்பார். ஸ்கோர் பலகையில் அணிக்கு மொத்தம் எத்தனை புள்ளியோ அத்தனை. ஒரு டச் டவுனுக்கு, அதையடுத்த உதையோடு சேர்த்து, ஏழு புள்ளி; முதல் ஏழுக்கு ஏழு தண்டால், அடுத்த ஏழுக்குப் பதினான்கு. அவர் இதை ஆரம்பித்த காலத்தில் அணி அவ்வளவு மோசம். பல ஞாயிறுகளில் சட்டை கசங்காமலே வீடு திரும்பியிருக்கிறார்.

ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர். அறுபத்துமூன்று வயது. மார்புக்கு முன்னால் தொப்பை தரையைத் தொட்டுவிடும். அதைக் கணக்கில் சேர்க்க மாட்டார். பின் வரிசை வக்கீல் ஒருவர் கூடச் சேர்ந்து அரைகுறையாக வளைந்தபோது, எல்லாவற்றையும் முதலிலிருந்து எடுக்க வைத்தார். "மார்பு தரையில படணும் சார். இல்லேன்னா அது வெறும் கும்பிடு."

எண்ணுவது டாலியா. பள்ளியில் கணக்கு ஆசிரியை, வேறு பேச்சு அதிகம் கிடையாது. அவள் சொல்லும் எண்ணை அந்தப் பகுதியே திருப்பிக் கத்தும்.

இந்த ஆண்டு புதுப் பயிற்சியாளரும், பந்தெறிய இருபத்துமூன்று வயதுப் பையன் ஒருவனும் வந்து சேர்ந்தார்கள். வாரம் தவறாமல் நாற்பது புள்ளி. ஊரே கூத்தாடியது. மருத்துவர் முப்பதுக்கு மேல் கூடாது என்றார். நடுவில் மூச்சு வாங்காமல் முப்பது என்று வெர்ன் வசதியாக அர்த்தம் பண்ணிக்கொண்டார்.

சீசனின் கடைசி ஆட்டம். பலகையில் நாற்பத்திரண்டு ஏறியிருந்தது. அன்றைக்கு அதுவரை வெர்ன் எடுத்தது நூற்று நாற்பத்தேழு தண்டால். இன்னும் ஒரு டச் டவுன் விழுந்தால், ஒரே சீசனில் எந்த அணியும் தொடாத புள்ளிக் கணக்கு.

"எறியாதடா தம்பி, சும்மா இரு" என்று வெர்ன் முனகியது டாலியாவுக்கு மட்டும் கேட்டது.

தம்பி எறிந்தான். பலகையில் நாற்பத்தொன்பது. அரங்கமே கட்டிப்பிடித்து அழுதது. ஜானிஸ் ஸாஸேஜைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

வெர்ன் குப்புறப் படுத்து உள்ளங்கைகளை ஊன்றினார். தலையை மட்டும் டாலியா பக்கம் திருப்பினார்.

"ஏம்மா, இந்த ஒரு தடவை மட்டும்... ஒம்போது சொன்னதும் நேரா நாப்பதுக்குப் போயிடறியா?"